இரண்டு சம்பந்திகளும் ஒரு நீலத் தண்டவாளமும்

செல்லக்கனிக்கும் கோதைநாயகிக்கும் சண்டை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சண்டை என்றால் இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டும். இவர்கள் பேசிக்கொள்வதே இல்லை.

செல்லக்கனி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அவள் சத்தம் போட்டால் தறிச் சத்தம் அடங்கிப்போகும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். கோதைநாயகி ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவள். குரலை உயர்த்தவே மாட்டாள். பிடிக்காத வாடிக்கையாளர் வந்தால் புடவையை மடித்து வைக்கிற விதத்திலேயே சொல்லிவிடுவாள்.

செல்லக்கனியின் மகன் வினோத்தும் கோதைநாயகியின் மகள் வைஜயந்தியும் ஒரே காலேஜில் படித்து, ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் ஒருமாதிரி சம்மதம் வாங்கிக் கல்யாணம் முடித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் தூரம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்து உட்கார்ந்து, நல்லாக் காற்று வருகிறதே என்று நினைக்கும்போது இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் சம்பந்திகள் இருவரும் தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டதோடு சரி. அப்போதும் ஆளுக்கொரு சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்கள்.

செல்லக்கனி மனசில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. கல்யாணம் பேசி முடித்த புதிதில் கோதைநாயகி மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தாள். பெண் வரக்கூடாது என்று சொல்லியும் கேளாமல் வைஜயந்தியும் கூடவே வந்திருந்தாள். செல்லக்கனி கேசரி கிண்டி, முறுக்கு வைத்து, காபி கொண்டுவந்து நீட்டும்போது, கோதைநாயகி மகள் பக்கம் சாய்ந்து தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்குதான். செல்லக்கனிக்கு அந்த பாஷையில் 'ரா', 'போ' தாண்டி ஒன்றும் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது என்னவோ 'அத்தை' என்றும் 'அழுக்கு' என்றும் விழுந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் செல்லக்கனி பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தன்னை முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். பட்டுச்சேலை, புதுசு. கழுத்து, காது எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. அந்த வாரமே வீடு முழுக்க வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

கோதைநாயகிக்கு என்ன வருத்தம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாண மண்டபத்தில் காலையில் சிரித்துக்கொண்டிருந்தவள் மத்தியானப் பந்திக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அதை இறக்கவே இல்லை.

முதல் கல்யாண நாளுக்கு எங்கேயாவது போகலாம் என்று வைஜயந்தி ஆரம்பித்தபோது, "ரெண்டு அம்மாவையும் கூட்டிட்டுப் போவம்" என்றான் வினோத். அவனுடைய அப்பா குருசாமிக்கு மில்லில் லீவு இல்லை. வைஜயந்தியின் அப்பா கண்ணபிரானுக்குக் கோயில் காரியம். அதனால் இரண்டு அம்மாக்கள், இரண்டு பிள்ளைகள், ஒரு வேன், வேனை ஓட்ட இசக்கிமுத்து. சென்னைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்திருந்தார்கள். முந்தின நாளே கிளம்பிப் போய் லாட்ஜில் தங்கினார்கள். வேனில் செல்லக்கனி முன் சீட்டிலும் கோதைநாயகி பின் சீட்டிலும் உட்கார்ந்து வந்தார்கள். கோதைநாயகி கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சைச் சோறும் செல்லக்கனி கொண்டுவந்த புளிச்சோறும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிப் பையில் வந்தன.

பூங்கா வாசலிலேயே அது தெரிந்தது. நீலப் பெயிண்ட் அடித்த இரும்புத் தண்டவாளம், தென்னைகளுக்கும் மேலே, செல்போன் டவருக்கும் மேலே செங்குத்தாக ஏறி, அங்கிருந்து தலைகீழாக விழுந்து, ஒரு வட்டம் போட்டு, முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிச் சுற்றிப் போனது. ரயில் மாதிரி ஒன்று அதில் ஊர்ந்து ஏறியது. உச்சியில் செத்த நேரம் நின்றது. பிறகு அத்தனை பேரும் ஒரே குரலில் அலறுகிற சத்தம் கேட்டது.

"இதுக்குத்தான் வந்ததே," என்றாள் வைஜயந்தி. "நீங்க ரெண்டு பேரும் அந்த நிழல்ல இருங்க. நானும் அவரும் போயிட்டு வந்துர்றோம்."

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் கோதைநாயகி பெஞ்சில் உட்காரப்போகும்போது மகளிடம், "சம்பந்தியம்மாவுக்குத் தண்ணி பாட்டில் குடுத்துட்டுப் போம்மா. அண்ணாந்து பாக்குறதுக்கே அவங்களுக்குத் தலை சுத்துது போல" என்றாள்.

செல்லக்கனி உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"யாருக்குத் தல சுத்துது? ஏலே வினோத்து, எனக்கும் ஒரு எடம் இருக்கும்லா இதுல? நானும் வாரேன். சம்பந்தியம்மா இருக்கட்டும். கடைல ஏசில உக்காந்து பழகுனவிய, அவியளுக்கு இதெல்லாம் ஆகாது."

கோதைநாயகி கைப்பையை மறுபடி தோளில் மாட்டினாள். "நானும் வரேன்" என்றாள்.

வினோத்தும் வைஜயந்தியும் இருவரையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள்.

வரிசை நீளமாக இருந்தது. கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. தலைக்கு மேலேயே தண்டவாளம். ஒவ்வொரு தடவை ரயில் அதில் கடந்து போகும்போதும் கம்பியெல்லாம் அதிர்ந்தது. மேலே இருந்து ஒரு பெண்ணின் குரல் "நிறுத்துங்கய்யா!" என்று தேய்ந்துகொண்டே போனது.

ஒரு திருப்பத்தில் அறிவிப்புப் பலகை. இதய நோய், ரத்தக்கொதிப்பு, கழுத்துவலி உள்ளவர்கள் ஏறவேண்டாம் என்று போட்டிருந்தது. கோதைநாயகி அதைக் கவனமாகப் படித்தாள்.

"உங்களுக்கு மூட்டுவலி உண்டுன்னு வைஜயந்தி சொன்னாளே. பாத்துக்கோங்க. போறதுன்னா இப்பவே போயிடலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"மூட்டுவலி போர்டுல இல்ல," என்றாள் செல்லக்கனி. "ஒங்களுக்குத்தான் கண்ணாடியக் கழட்டுனா ஒண்ணும் தெரியாதாமே?"

"தெரியாம இருக்கறதும் நல்லதுதான்."

செல்லக்கனி ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறாதவள். வீட்டில் பல்பு மாட்டக்கூட குருசாமியைத்தான் ஏற்றிவிடுவாள். கோதைநாயகி கடையில் மேல் அடுக்குப் புடவையை எடுக்க ஸ்டூலைத் தொட்டதில்லை. ஆனால் ஒருத்தி இருக்கும்போது மற்றவள் எப்படி வெளியே போவது? இருவரும் மற்றவள் எப்போது பின்வாங்குவாள் என்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக நகர்ந்தார்கள்.

கடைசியில் பின்வாங்கியது வினோத்தான். ஏறுகிற மேடைக்குப் பக்கத்தில் வந்ததும், இறங்கி வந்த ஒரு வாட்டசாட்டமான ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"வைஜூ, எனக்கு வயிறு ஒருமாதிரி இருக்கு."

"காலையில நாலு பூரி எதுக்குச் சாப்பிட்டீங்க?" என்று அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள் வைஜயந்தி. போகிற போக்கில் அம்மாவின் கண்ணாடியையும் இருவரின் கைப்பைகளையும் வாங்கிக்கொண்டாள். "நீங்களும் வந்துருங்களேன்" என்றாள்.

"அவிய வந்தா நான் வாரேன்," என்றாள் செல்லக்கனி.

"அவங்க வந்தா நானும் வந்துடறேன்," என்றாள் கோதைநாயகி.

இரண்டு பேரும் நகரவில்லை. கதவு திறந்துவிட்டது.

சீருடை போட்ட ஒரு பெண் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகச் சொன்னாள். செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னாள். "தலையில கிளிப்பு, வேற எதாவது லூசா இருந்தா எடுத்துருங்கம்மா" என்றாள். கோதைநாயகி தன் பெரிய கொண்டையை ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றாள்.

பக்கத்துப் பக்கத்துச் சீட். தோளுக்கு மேலிருந்து ஒரு தடித்த கம்பி இறங்கி மார்போடு அணைத்துக்கொண்டது. ரயில் கிளம்பி, சரிவில் டக் டக் டக்கென்று ஏற ஆரம்பித்தது. இருவரும் வானத்தை நோக்கி மல்லாக்கச் சாய்ந்தபடி போனார்கள்.

மரங்கள் கீழே போயின. கார் நிறுத்துகிற இடம் தீப்பெட்டி அடுக்கின மாதிரி ஆனது. காற்று வேறு மாதிரி அடித்தது. செல்லக்கனிக்கு இதோடு எல்லாம் முடிந்தது என்று தோன்றிவிட்டது. முடியப்போகிறது என்றால் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு எதற்குப் போகவேண்டும்?

"சம்பந்தியம்மா," என்று கூப்பிட்டாள்.

"ம்?"

"எங்க வீட்டுக்கு மொத மொத வந்தன்னைக்கு ஒங்க மவகிட்ட தெலுங்குல என்ன சொன்னிய?"

கோதைநாயகி கண்ணை இறுக மூடியிருந்தாள். "எப்போ?"

"காபி குடுத்தம்லா, அப்ப. என்னைய அழுக்குன்னு சொன்னிய. எங் காதால கேட்டேன்."

டக் டக் டக். கோதைநாயகி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அழுக்கா? அடுகு! அடுகுன்னா கேளுன்னு அர்த்தம். 'உன் அத்தைகிட்ட கேளு'ன்னு சொன்னேன்."

"என்னத்தக் கேக்க?"

"பாத்ரூம் எங்க இருக்குன்னு! ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினப்பவே அவசரம். புது வீட்டுல வந்த உடனே எப்படிக் கேக்கறது? அவ கேக்கவே இல்ல. நீங்களானா அதுக்கப்புறம் வினோத் சின்ன வயசுல வாங்கின கப்பையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டினீங்க. நான் காலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் பட்ட பாடு..."

செல்லக்கனி வாயைத் திறந்தாள். வெள்ளையடித்த சுவர்கள் எல்லாம் அவள் கண்முன்னால் வந்தன. "அட பாவி மனுசி..." என்று ஆரம்பித்தாள். சிரிப்பு வந்தது. ஆனால் அதைச் சிரித்து முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. டக் டக் சத்தம் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளமே இல்லை. வெறும் காற்று.

விழுந்தார்கள்.

வயிறு மேலேயே நின்றுவிட, உடம்பு மட்டும் கீழே போனது. செல்லக்கனி, கம்பெனியில் எத்தனையோ தறிகளை அடக்கிய தொண்டையைத் திறந்து, "எம்மா!" என்று அலறினாள். பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று எழுந்தது. ஒருநாளும் குரலை உயர்த்தாத கோதைநாயகி சாமி பேரையும் சொல்லவில்லை, புருஷன் பேரையும் சொல்லவில்லை.

"செல்லக்கனீ! செல்லக்கனீ! என்னைப் பிடிச்சுக்கோ!"

செல்லக்கனி கம்பிக்கு நடுவே கையை நீட்டி, கிடைத்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வட்டத்தில் தலைகீழாகப் போகும்போது, வானம் காலுக்கடியில் இருந்தபோது, கறுப்பாக ஏதோ ஒன்று அவள் முகத்தை உரசிக்கொண்டு பறந்தது. காக்காய் என்று நினைத்தாள். இந்த வேகத்தில் காக்காய் எப்படி வரும் என்று யோசிப்பதற்குள் முறுக்குச் சுற்று ஆரம்பித்துவிட்டது.

ரயில் நின்றபோது இருவரும் கையை விடவில்லை. கம்பி மேலே போனது. செல்லக்கனி முதலில் எழுந்து, "எந்திரிங்க மதினி, முடிஞ்சிட்டு" என்றாள். மதினி என்று வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகுதான் அவள் கோதைநாயகியைப் பார்த்தாள்.

கொண்டையைக் காணோம். அந்த இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு சின்ன முடிச்சு, அதுவும் பாதி அவிழ்ந்து கிடந்தது. கோதைநாயகி கை பின்னந்தலைக்குப் போனது. தடவியது. அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தபோது வராத கலவரம் இப்போது அவள் முகத்தில் வந்தது.

"பறந்து போச்சா?" என்று மெல்லக் கேட்டாள்.

"நான் காக்கான்னு நெனச்சேன்," என்றாள் செல்லக்கனி.

"உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே. மண்டபத்துல அத்தனை பேர் முன்னாடி சொல்லிக் காமிச்சீங்களே."

"நானா? என்னத்தச் சொன்னேன்?"

"'சம்பந்திக்கு முடி நல்ல அடர்த்தி'ன்னு. சத்தமா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சவரி முடின்னு கண்டுபிடிச்சிட்டுத்தான் குத்திக் காட்டறீங்கன்னு..."

செல்லக்கனி அவளையே பார்த்தாள். அவளுக்கு இயல்பிலேயே நல்ல முடி. பின்னினால் இடுப்புக்குக் கீழே தொங்கும். தெருவில் யாருக்கும் அப்படிக் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மண்டபத்தில் தன்னைவிடப் பெரிய கொண்டையைப் பார்த்துப் பொறாமையில் வெந்துபோனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"நெசமாத்தான் சொன்னேன் மதினி. அன்னைலருந்து நான் வாரத்துக்கு ரெண்டு தடவ செம்பருத்தி அரச்சுத் தேய்க்கேன். ஒங்களுக்கு ஈடா வளரட்டும்னு."

கோதைநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் அடைத்துக்கொண்டது. "புள்ளைங்களுக்குத் தெரியாது," என்றாள். "வைஜயந்திக்கே தெரியாது. அவ பிறந்தப்போ கொட்டினது, திரும்ப வரவே இல்ல. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி எழுந்து முடிஞ்சுப்பேன்."

செல்லக்கனி யோசிக்கவில்லை. கோதைநாயகியின் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி அவள் தலையில் முக்காடாகப் போட்டு, கழுத்தைச் சுற்றிச் செருகினாள். பேண்டேஜ் சுற்றின மாதிரி இறுக்கமாக இருந்தது. பிறகு தன் முந்தானையையும் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே படியிறங்கினார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு போனார்கள்.

வினோத் சோடா குடித்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் பாட்டிலை இறக்கினான்.

"என்னம்மா ரெண்டு பேரும் முக்காடு போட்டு வாறிய?"

"வெயிலு," என்றாள் செல்லக்கனி.

"கையப் பிடிச்சுக்கிட்டு வேற?"

"அதுவும் வெயிலுக்குத்தான். போலே."

வைஜயந்தி அம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்து ஏதோ கேட்க வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து சீருடைப் பெண் படியில் ஓடிவந்தாள். அவள் கையில் ஒரு நீண்ட கம்பு, கம்பின் நுனியில் கறுகறுவென்று தொங்கிக்கொண்டிருந்தது அது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டியிருந்த வலையில் விழுந்திருந்ததை எடுத்திருக்கிறாள்.

"இப்ப வந்த வண்டியில யாரோ சவரியை விட்டுட்டீங்க! யாரோடதுங்க இது?" என்று வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் கேட்கக் கூவினாள்.

காலேஜ் பையன்கள் கூட்டம் ஒன்று விழுந்து விழுந்து சிரித்தது. கோதைநாயகி முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வைஜயந்தியின் பார்வை அம்மாவின் தலைப்பக்கம் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

"எனக்குள்ளது!" என்றாள் செல்லக்கனி. கட்டிங் செக்‌ஷன் குரல். "இங்க கொண்டாங்க."

சிரிப்பு நின்றது. அவள் நேராகப் போய் கம்பின் நுனியிலிருந்து அதை எடுத்து, புழுதியைத் தட்டி, சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வினோத் சோடா பாட்டிலோடு முன்னால் வந்தான்.

"அம்மா! ஒனக்கு எதுக்கும்மா சவரி?"

"பொறவு? இம்புட்டு முடி சும்மாவா வருது?"

"இத்தன வருசமா அது ஒம்முடி இல்லியா?"

"பாதி என் முடி. பாதி வாங்குனது. ஒனக்கு இப்ப என்ன? சோடாவக் குடி."

கம்பெனிக்கும் தெருவுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். வினோத் வாயில் எதுவும் நிற்காது. செம்பருத்தி அரைத்ததெல்லாம் வீண். ஆனாலும் பக்கத்தில் நின்ற கோதைநாயகியின் மூச்சு மெல்ல வெளியே வருவது கேட்டபோது, அதொன்றும் பெரிய நஷ்டமாக அவளுக்குத் தோன்றவில்லை.

பெண்கள் கழிவறைக்குள் இருவரும் போனதும், கண்ணாடி முன்னால் ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு செல்லக்கனியே அதை முடிந்துவிட்டாள். "இந்தப் பின்னெல்லாம் காணாது மதினி" என்று தன் தலையிலிருந்து நாலைந்தை உருவிக் குத்தினாள். கோதைநாயகி தலையை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் ஒரே இலையில் கலந்துவிட்டன. எது யார் செய்தது என்று வினோத்துக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் ஆனது. மதுரையைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும், கிளம்பலாம் என்று இசக்கிமுத்து போன் மேல் போன் போட்டான். இரண்டு அம்மாக்களையும் காணவில்லை. ஐஸ்கிரீம் வாங்கப் போனவர்கள். ஐஸ்கிரீம் கடையில் இல்லை, கழிவறைப் பக்கம் இல்லை, நிழல் பெஞ்சில் இல்லை. கைப்பைகள் மட்டும் லாக்கர்காரரிடம் இருந்தன.

"மேல பாருங்க," என்றாள் வைஜயந்தி.

நீலத் தண்டவாளத்தில் ரயில் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் நடுவில் உட்கார்ந்தவர்கள் இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசைக்காகத் தனியாக நின்று, ஒரு காலேஜ் பையனிடம் வாதாடி வாங்கியது என்று பிறகு தெரிந்தது. தலையில் ஆளுக்கொரு துண்டை இறுகக் கட்டியிருந்தார்கள்.

"எம்மா! வண்டி கெளம்பணும்!" என்று வினோத் கீழேயிருந்து கத்தினான்.

"செத்த நேரம் பொறுலே!" என்று உச்சியிலிருந்து பதில் வந்தது. அதற்கு மேல் வந்ததெல்லாம் வெறும் அலறல். இரண்டு குரலில் எது யாருடையது என்று இந்தத் தடவை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊர் திரும்பும்போது இருவரும் வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி கிடந்தது. ஆனால் செல்லக்கனி "மதினி" என்று ஆரம்பித்தபோது காற்று மட்டும்தான் வந்தது. கோதைநாயகிக்கு அதுவும் வரவில்லை. இருவருக்கும் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. அதற்கப்புறம் கம்பெனியில் மூன்று நாள் செல்லக்கனி கையைத் தட்டித்தான் வேலை வாங்கினாள். தேரடி ஜவுளிக்கடையில் விலையை விரலில் காட்டினாள் கோதைநாயகி.

அன்றைக்கு ராத்திரி வேன் வழியில் ஒரு டீக்கடையில் நின்றது. மாஸ்டர் எத்தனை டீ என்று கேட்டார். இருவரும் ஒரே சமயத்தில் கையை ஆட்டி, வாயைத் திறந்து மூடி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, மாற்றி மாற்றி விளக்கினார்கள். மாஸ்டர் வினோத்திடம் திரும்பி, "பாவம், கூடப்பொறந்தவங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் இருவரின் டீயிலும் இஞ்சியைத் தட்டிப் போட்டார்.